ஆறிய டீயில் ஒரு கரண்டி தேன்

எங்கள் பட்டறைக்கு டீ மெஷின் வந்து இறங்கிய அதே திங்கட்கிழமைதான் முதலாளி சர்க்கரையை விட்டார். இரண்டும் ஒரே நாளில் நடந்தது என் நல்ல நேரமா, கெட்ட நேரமா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற பட்டறை அது. கீழே துணி வெட்டுகிற நீள மேசை. மாடியில் இரண்டு வரிசையாகத் தையல்காரர்கள், அவர்களுக்கு அடுத்து ஜிப் வைக்கிறவர்கள், கடைசியில் வார் கோத்துப் பூட்டு மாட்டுகிறவர்கள். மொத்தம் முப்பத்திரண்டு பேர். மாடியின் கோடியில் ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டியோடு ஒரு சின்ன அறை. அதுதான் என் ராஜ்யம். பத்தொன்பது வருஷமாகப் பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ என்று போட்டுக்கொண்டிருக்கிறேன். இடைவேளை ஒவ்வொன்றும் பத்து நிமிஷம்.

மெஷினைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர், ஆறு மாசமாக நிர்வாகத்தைப் பார்க்கிறார். பட்டறை மொத்தமும் அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்லும், முகத்துக்கு நேரே கூட. நல்ல மனுஷர். அவர் வருவதற்கு முன்னால் தினமும் அரை மணி நேரம் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருப்போம். அவர் வந்து சுவரில் ஆணி அடித்து, ஒவ்வொரு ஆணிக்குப் பின்னாலும் கத்தரியின் வடிவத்தை வரைந்து வைத்தார். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் போனை எடுத்து நேரம் பார்ப்பார். யாராவது தும்மினால் கூட எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வாரோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம்.

இடுப்பு உயரத்துக்கு வெள்ளி நிறத்தில் மினுமினுவென்று இருந்தது அந்த மெஷின். இரண்டு பொத்தான். என் அறையிலேயே ஒரு மூலையில் நிறுத்தினார்கள்.

"பதினஞ்சு நாள் சோதனைக்குத்தான்மா வந்திருக்கு. சரியா வந்தா வச்சுக்கலாம்" என்றார் மாப்பிள்ளை.

"சரியா வந்தா நான் எங்க தம்பி நிப்பேன்?"

"நீங்க ஏன் நிக்கணும்? இத்தனை வருஷம் நின்னாச்சு. வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடுங்க."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் சங்கடம். திட்டினால் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லலாம். அக்கறையாகப் பேசுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மருமகள் தங்கமானவள். என்னை ஒரு கரண்டியைக் கூடத் தொட விடமாட்டாள். "அத்தை, நீங்க டிவி பாருங்க" என்பாள். அந்த டிவியைப் பகல் முழுக்கப் பார்த்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இங்கே அப்படியா? யாருக்கு ஸ்ட்ராங்காக வேண்டும், யாருக்குப் பால் தூக்கலாக வேண்டும், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், எல்லாம் டம்ளரை வாங்குகிற கையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்த அறையை விட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார எனக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

முதலாளி கதைக்கு வருகிறேன். அவருக்கு டீயில் நாலு கரண்டி சர்க்கரை போடவேண்டும். ஐந்தாவதைக் கண்ணாலேயே கேட்பார். குடித்து முடித்து, டம்ளரின் அடியில் கரையாமல் கிடக்கிற சர்க்கரையை யாரும் பார்க்காதபோது விரலால் வழித்துச் சாப்பிடுவார். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். காலையில் அரை மணி நேரம் இருமுவார், சளி கட்டிக்கொண்டு. கடைசியில் அவருடைய மகள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அடுத்த தெருவில் இருக்கிற ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் கொண்டுபோனாள்.

அங்கிருந்து வந்தவர் வேறு ஆளாக வந்தார். நல்ல டாக்டரைக் கண்டுபிடித்துவிட்ட மனுஷன் அடுத்த நாளே தானும் பாதி டாக்டர் ஆகிவிடுவான், இல்லையா? தையல் வரிசைக்கு நடுவே நின்றுகொண்டு எல்லோரையும் கூப்பிட்டார்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு கப உடம்பாம். ஏற்கெனவே கனம், மந்தம். சர்க்கரையோ குளிர்ச்சி, அதுவும் கனம். கனத்து மேல கனத்தைப் போட்டா என்ன ஆகும்? தேன் அப்படி இல்ல. அது லேசு. உள்ள கட்டிக் கிடக்கிற கபத்தைச் சுரண்டி எடுக்கும். ரெண்டும் இனிப்புதான், ஆனா உள்ள போய்ப் பாக்கிற வேலை வேற."

ஜிப் வைக்கிற வரிசையில் ஒருத்தி இருக்கிறாள். எல்லோரும் அவளை ஜிப்பு என்றே கூப்பிடுவோம். வாய் மட்டும் மூடவே மூடாது.

"சுரண்டும்னா வயித்தைக் குத்தாதா ஐயா?" என்றாள்.

"உன் வாயைத்தான் அது முதல்ல சுரண்டணும்" என்றார் முதலாளி. "இன்னையிலேருந்து பட்டறையில வெள்ளைச் சர்க்கரை கிடையாது. எல்லாருக்கும் தேன்தான்."

மத்தியானமே பெரிய தகரம் நிறையத் தேன் வந்துவிட்டது. நான் என்ன செய்தேன்? டீ கொதித்துக்கொண்டிருக்கும்போது சர்க்கரையைக் கொட்டுகிற மாதிரியே தேனையும் நாலு கரண்டி கொட்டி, இன்னும் ஒரு கொதி விட்டு இறக்கினேன். பத்தொன்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. குடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கஷாயத்துல பால் ஊத்தின மாதிரி இருக்கு" என்றார் துணி வெட்டுகிற அண்ணன். அவருக்குச் சர்க்கரை வியாதி, எப்போதும் ஒன்றுமே போடாமல்தான் குடிப்பார். அன்றைக்கு வேடிக்கைக்காக ஜிப்புவின் டம்ளரில் ஒரு வாய் வாங்கிப் பார்த்திருக்கிறார்.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? மாமனார் சொல்லைத் தட்டக்கூடாது என்று, மெஷினில் சர்க்கரைத் தூள் போடுகிற பெட்டியில் தேனை ஊற்றிவிட்டார். மூன்று டீ கொடுத்தது. நாலாவதுக்கு உறுமியது. அப்புறம் மூச்சு பேச்சு இல்லை. மெஷின் கம்பெனியிலிருந்து ஆள் வந்து, வெந்நீரும் பல் துலக்குகிற பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தேய்த்தார். போகும்போது பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டினார்: தேன் ஊற்றாதீர். எனக்கு உள்ளூர ஒரு சின்னச் சந்தோஷம். பொய் சொல்வானேன்?

ஆனால் மறுநாளே மாப்பிள்ளை வழி கண்டுபிடித்துவிட்டார். மெஷினில் வெறும் டீ பிடிக்க வேண்டியது, பக்கத்தில் வைத்த பாத்திரத்திலிருந்து ஆளாளுக்கு ஒரு கரண்டி தேன் விட்டுக்கொள்ள வேண்டியது. முப்பத்திரண்டு காகிதக் கப்பும் ஆறு நிமிஷத்தில் நிரம்பின. போனை என்னிடம் காட்டினார். "ஆறு நிமிஷம், பன்னெண்டு விநாடி." புதன்கிழமைக்குள் பாதிப் பேர் மெஷின் பக்கம் போய்விட்டார்கள். நான் போட்ட டீ பாத்திரத்தில் மிஞ்சியது. இத்தனை வருஷத்தில் என் டீ மிஞ்சியதே இல்லை.

வியாழக்கிழமை அந்த டாக்டரம்மாவே பட்டறைக்கு வந்தார். நோயாளிகளுக்கு மருந்து போட்டுக் கொடுக்கத் துணிப்பைகள் வேண்டுமாம், மாதிரி பார்க்க வந்தார். என் மகள் வயசுதான் இருக்கும். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தன் கையாலேயே மெஷினில் டீ பிடித்து, ஆவி பறக்கப் பறக்க ஒரு கரண்டி தேனை விட்டுக் கலக்கி நீட்டினார்.

டாக்டரம்மா வாங்கி அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

"ஐயா, அன்னைக்கு நான் உங்ககிட்ட எத்தனை விஷயம் சொன்னேன்?"

"சர்க்கரை வேணாம், தேன் சாப்பிடுங்கன்னு..."

"அது முதல் விஷயம். ரெண்டாவது?"

முதலாளி விட்டத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"தேன்னு சொன்னதுமே மனசு அதுலயே நின்னுடுச்சு டாக்டரம்மா. அதுக்கப்புறம் நீங்க பேசினது காதுல விழல."

"தேனைச் சூடு பண்ணவே கூடாது. கொதிக்கிறதுல கலக்கவும் கூடாது. எங்க சாஸ்திரத்துல இதுதான் ரொம்பக் கண்டிப்பு. சூடு பட்ட தேன் ஜீரணமாகாம, பசை மாதிரி உள்ளயே தங்கி உபத்திரவம் பண்ணும்னு சொல்லியிருக்கு. இப்படிக் குடிக்கறதுக்கு நீங்க குடிக்காமலே இருக்கலாம்."

நான் கதவோரம் சுருங்கி நின்றேன். மூன்று நாள் தேனைக் கொதிக்க வைத்தவள் நான்தானே. இருந்தாலும் கேட்டுவிட்டேன். "அப்ப எவ்வளவு ஆறணும்மா?"

"விரலை விட்டா வெடுக்குன்னு எடுக்கக்கூடாது. வச்ச விரல் வச்ச இடத்துலயே நிக்கணும். அப்புறமா தேன் விடுங்க." பிறகு துணி வெட்டுகிற அண்ணன் கேட்டதற்கும் பதில் சொன்னார். "உங்களுக்கு சர்க்கரை வியாதின்னா தேனும் இனிப்புதான். இயற்கைன்னு நினைச்சு ஏமாறாதீங்க. பரிசோதனை பண்ணாம நான் ஒரு சொட்டுகூடச் சொல்லமாட்டேன்."

அவர் பைக்கு அளவு சொல்லிவிட்டுப் போனார். முதலாளி மறுபடியும் தையல் வரிசைக்கு நடுவே வந்து நின்றார். "ஆறின பிறகுதான் தேன். யாரும் அவசரப்படக்கூடாது. இது உத்தரவு."

யாரும் அவசரப்படக்கூடாது என்று ஒரு முதலாளி வாயிலிருந்து வந்தால் தொழிலாளிகள் எப்படி நடந்துகொள்வார்கள்? அன்றைக்குச் சாயங்காலமே முப்பத்திரண்டு பேருக்கும் ஆயுர்வேதத்தில் அப்படி ஒரு பக்தி வந்துவிட்டது. மெஷின் கொதிக்கக் கொதிக்கத்தான் கொடுக்கும். தடிமனான காகிதக் கப் சூட்டை விடவே விடாது. ஒவ்வொருவரும் ஒரு விரலைக் கப்புக்குள் விட்டுக்கொண்டு, ஜன்னலோரமும் படிக்கட்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னும் சுடுதா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"சுடுது மாப்பிள்ளை. எனக்கு மெல்லிசு விரல்" என்றாள் ஜிப்பு.

"ஊதிக் குடிங்களேன்."

"ஊதினா எச்சில் தெறிக்கும். தேன் சுத்தமான வஸ்து இல்லீங்களா?"

முதலாளியைத் திரும்பிப் பார்த்தார் மாப்பிள்ளை. அவரும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கப்பில் விரலை விட்டபடி சமர்த்தாகக் காத்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போது யாரை அதட்டுவது? அன்றைக்கு இடைவேளை இருபத்தைந்து நிமிஷம் ஓடியது. வெள்ளிக்கிழமை இரண்டு வேளையும் அதே கதை.

சனிக்கிழமை காலை மாமனாரும் மருமகனும் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என்னை வெளியே போகச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை.

"மாமா, ஒரு நாளைக்கு முப்பது நிமிஷம் கூடுதலா எல்லாரும் உக்காந்திருக்காங்க. டாக்டரம்மா கேட்ட பையையே சொன்ன நாளுக்குக் கொடுக்க முடியாது. நீங்க வீட்ல தேன் சாப்பிடுங்க. இங்க திங்கட்கிழமையிலேருந்து மெஷின்ல சர்க்கரையைப் போட்டுடறேன். அம்மாவுக்கும் அலைச்சல் மிச்சம்."

"எல்லாரும் சர்க்கரையில குடிச்சா நான் மட்டும் எப்படி மாப்பிள்ளை சும்மா இருப்பேன்? எதிர்ல சர்க்கரை இருந்தா என் கை சும்மா இருக்காது. இந்த ஒரு வாரமாத்தான் படியேறும்போது மூச்சு வாங்கறது கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

பெரிய மனுஷர், பாவம், சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். என் அலைச்சல் மிச்சமாகிற கதையைக் கேட்டு நானும் அப்படித்தான் நின்றேன். பிறகு ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்.

"தம்பி, திங்கட்கிழமை ஒரு நாள் என்கிட்ட விடுங்க. டீயும் ஆறியிருக்கும், தேனும் இருக்கும், இடைவேளையும் பத்து நிமிஷத்துல முடியும்."

"எப்படிம்மா?"

"ஆத்திக் கொடுக்கப் போறேன். வேற என்ன?"

இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பத்து முப்பதுக்கே டீயை இறக்கி வடிகட்டி, ஜன்னலோரம் காற்றில் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு உயரத் தூக்கி ஊற்றி ஊற்றி எடுத்தால், பதினொரு மணிக்குள் விரல் நிற்கிற பதத்துக்கு வந்துவிடும். மெஷினுக்குக் கொதிக்க வைக்கத் தெரியும், பொத்தானை அழுத்தினால் ஊற்றத் தெரியும். ஆற்றுவதற்கு அதற்குக் கை இல்லை.

விஷயம் கதவுக்கு வெளியே எப்படிப் போனதோ தெரியாது. மத்தியானம் ஜிப்பு வந்து என் அடுப்புக்கு எதிரே நின்றாள்.

"அம்மா, நீங்க ஆத்தி வச்சீங்கன்னா எங்க இருபத்தஞ்சு நிமிஷம் போச்சு."

"ஆத்தலைன்னா என் வேலை போச்சுடி."

எப்போதும் கத்திப் பேசுகிறவள் அடுப்பை ஒட்டி வந்தாள். குரலைத் தணித்துச் சொன்னாள்.

"அதுவும் சரிதான். ஆனா இந்த மூணு நாளாத்தான்மா டீயை டீயாக் குடிச்சோம். முப்பத்திரண்டு பேருக்கு ரெண்டு கக்கூஸ். பத்து நிமிஷத்துல வரிசையில நின்னுட்டு வந்தா மணி அடிச்சிடும். பூட்டு மாட்டற அக்கா இருக்காங்களே, அவங்க கழுத்து வலிக்கு வரிசையில நிக்கவும் முடியாம, டீ குடிச்சா மறுபடி போகணுமேன்னு அதையும் குடிக்காம, பாதி நாள் அப்படியே போய் உக்காந்துடுவாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. டம்ளரை வாங்குகிற கையைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக்கொண்டேனே, வாங்காத கையை நான் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை சொன்னபடி செய்தேன். தோள்பட்டை இற்றுப் போகிற மாதிரி ஆற்றினேன். பதினொரு மணிக்கு டம்ளர்களை வரிசையாக வைத்ததும், முதலாளி முதல் ஆளாக விரலை விட்டுப் பார்த்து, "நிக்குது" என்றார். தேனை விட்டேன். முதல் வாய் குடித்ததும் அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. கொதிக்காத தேனுக்கு ஒரு வாசனை இருக்கிறது, அன்றைக்குத்தான் அது டீயில் வந்தது. மாப்பிள்ளை போனைப் பார்த்தார். "பத்து நிமிஷம், சரியா." அவருக்கும் சந்தோஷம்.

மற்றவர்கள் மடக்கென்று குடித்து, டம்ளரைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். துணி வெட்டுகிற அண்ணன் மட்டும், "நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவர் தேனே விட்டுக்கொள்ளவில்லை. பூட்டு மாட்டுகிற அக்காவின் டம்ளர் அப்படியே நிறைந்து நின்றது.

அதை எடுத்துக்கொண்டு நேராக மாப்பிள்ளையின் மேசைக்குப் போனேன்.

"தம்பி, இருபத்தஞ்சைப் பத்தா ஆக்கிக் கொடுத்துட்டேன். அதுல ஒரு அஞ்சு நிமிஷத்தை அவங்களுக்குத் திருப்பிக் கொடுங்க."

"எதுக்கும்மா அஞ்சு?"

டாக்டரம்மா சொன்னார், தேன் குடித்தால் அஞ்சு நிமிஷம் உட்காரவேண்டும் என்று ஒரு கதை நாக்கின் நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன். அந்த அம்மா பேரில் பொய் சொல்ல மனசு வரவில்லை.

"கக்கூஸ் வரிசைக்கு. உங்க போன்லயே பாருங்க, கடைசி ஆள் எத்தனை நிமிஷத்துல திரும்பி வர்றாங்கன்னு."

அளந்து பார்க்கச் சொன்னால் மாப்பிள்ளைக்கு அதைவிட இனிப்பு வேறு இல்லை. நாலு மணிக்குப் போனும் கையுமாகக் கிளம்பிப் போனவர், போன வேகத்திலேயே காதெல்லாம் சிவந்து திரும்பி வந்தார்.

"அம்மா, நான் அங்க நிக்கக்கூடாதாம். துரத்தி விட்டுட்டாங்க. நீங்களே போய்ப் பாருங்க."

அவர் போனை வாங்கி, ஆரம்பிக்கிற பச்சைப் பொத்தான் எது, நிறுத்துகிற சிவப்புப் பொத்தான் எது என்று கேட்டுக்கொண்டு நான் போய் நின்றேன். பெண்கள் வரிசை என்னைப் பார்த்துச் சிரித்து மாளவில்லை. கடைசி ஆள் வெளியே வந்ததும் சிவப்பை அமுக்கிக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்பது நிமிஷம், நாற்பது விநாடி.

மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப இவங்க டீ எப்பக் குடிக்கிறாங்க?"

"குடிக்கறதில்ல தம்பி."

நியாயஸ்தர் என்று நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா தெரியாது, இப்போது சொல்கிறேன். அன்று சாயங்காலமே எல்லோரையும் கூப்பிட்டு, நாளையிலிருந்து இடைவேளை பதினைந்து நிமிஷம் என்றார். பூட்டு மாட்டுகிற அக்காவுக்கு ஒரு முக்காலி ஜன்னலோரம் போடச் சொன்னார். பிறகு என் அறைக்கு வந்து மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார்.

"நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்மா. ஒண்ணுதான் எனக்கு யோசனையா இருக்கு. நீங்க ஒரு நாள் லீவு போட்டா என்ன பண்றது?"

"என்ன பண்றது? அடுப்புல வச்சு இறக்கிடுங்க. தானா ஆறும். அன்னைக்கு மட்டும் இருபத்தஞ்சு நிமிஷம்."

கதவுக்குப் பின்னாலிருந்து ஜிப்புவின் குரல் வந்தது.

"அம்மா, உங்களுக்கு ரெண்டு நாளா உடம்பே சரியில்லையே. நாளைக்கு லீவு போடுங்களேன்."